இன்னொருக்கா கேக்கல

உக்காரு கண்ணு, அந்தச் சீட்டு காலிதான். எங்க வூட்டுக்காரரு உள்ள கண்ணுல சொட்டு மருந்து உட்டுக்கிட்டுப் படுத்திருக்கறாரு. வெளிய வர முக்கா மணி நேரம் ஆகுமாம். சக்கரை வந்தா கண்ணுக்கும் பாக்கோணும்னு இந்தச் சக்கரை டாக்டர் சொல்லிப்போட்டாரு, அதனால மாசம் தவறாம மூலனூர்ல இருந்து பஸ் ஏறித் தாராபுரம் வந்தர்றோம்.

நீ போன்ல பேசிக்கிட்டிருந்தது காதுல உழுந்துச்சு, தப்பா நெனச்சுக்காத. உங்க அப்பாவும் அம்மாவும் உன்ற அண்ணங்கிட்ட வெளிநாடு போறாங்களாமா? தனியாவா? சக்கரை அப்பாவுக்குத்தான? ஊசிய ப்ளேனுக்குள்ள கொண்டுபோக டாக்டர்கிட்ட லெட்டர் வாங்க வந்திருக்கறயா? அப்ப நான் சொல்றத ஒரு காதுல வாங்கிக்க. எனக்கு ஆனது எதிரிக்கும் ஆகக்கூடாது.

எனக்கு அந்த ப்ளேன்ல வேலை பாத்த புள்ள மேல ஒரே ஒரு வருத்தந்தான். ஒருக்காத்தான் கேட்டா. சாப்பாடு வேணுமான்னு ஒருக்காக் கேட்டுப்போட்டு, அவபாட்டுக்கு வண்டியத் தள்ளிக்கிட்டுப் போயிட்டா. அதனால எங்க வூட்டுக்காரரு செத்துப் பொழைச்சாரு. நெசமாத்தான் சொல்றேன்.

நம்ம பக்கம் ஒறம்பரைன்னு ஒரு விருந்தாளி வந்தா எப்பிடி, சொல்லு. வந்ததும் சாப்புடுங்கன்னு சொல்லுவோம். அவிய இல்லீங்க, இப்பத்தான் சாப்புட்டோம்னு சொல்லுவாங்க. வயிறு ஒட்டிப்போய்க் கெடந்தாலும் அப்பிடித்தான் சொல்லுவாங்க. உடனே சரின்னு நம்ம அடுப்படிக்குத் திரும்பிப் போயிருவமா? எலைய அறுத்துட்டு வந்து முன்னால போட்டுருவோம். வேண்டா வேண்டான்னு கைய வெச்சு மறிப்பாங்க, கை சந்துல சோறு உழுகும். அதுதான மொறை? கேட்ட ஒடனே ஆகட்டும்னு உக்காந்தா, பாவம் பட்டினி கெடந்து வந்திருக்குதுன்னு பேச்சு ஆயிரும். ஒரு மனுசனுக்கு மரியாதை குடுக்கறதுன்னா ரெண்டு தடவையாவது கேக்கோணும் கண்ணு. அந்த ஊருல அதையெல்லாம் சொல்லிக் குடுக்க ஆள் இல்ல போலிருக்குது.

என்ற பையன் பூபதி போலந்துல இருக்கறான். கம்பெனி வேலை. அங்கியே ஒரு கொழந்தையும் பொறந்து அப்ப எட்டு மாசம். பேரனப் பாக்க வாங்கன்னு டிக்கெட்டு எடுத்து அனுப்பிட்டான். நாங்க அதுவரைக்கும் ப்ளேன அண்ணாந்து பாத்ததோட சரி. கோயமுத்தூர்ல ஏறி, ஒரு அரபு ஊருல எறங்கி, அங்கிருந்து வேற ப்ளேன். போன வருசம் ஆவணி மாசம்.

எங்க வூட்டுக்காரரு பேரு நாச்சிமுத்து. இப்பெல்லாம் பேரு சொல்றதுல என்ன இருக்குது. அறுவத்திரண்டு வயசு. காடு கரையே கதின்னு கெடந்த மனுசன். வெள்ளந்தி. யாரு என்ன குடுத்தாலும் ரெண்டு கையையும் நீட்டி வாங்கிக்குவாரு, நல்லாருக்குதுன்னு சொல்லிச் சாப்புடுவாரு, இன்னொண்ணு இருந்தாக் குடுங்கன்னும் கேப்பாரு. அந்த ஒரு கொணத்த மாத்தத்தான் முப்பத்தஞ்சு வருசமா நானும் பாக்கறேன்.

கோயமுத்தூர்ல ஏறுன ப்ளேன்லயும் அப்பிடித்தான். தட்டு வந்துச்சு. வண்டி நமக்கு நாலு சீட்டுக்கு முன்னாடி வரும்போதே முன்னால இருக்கற பலகைய எறக்கி உட்டுக்கிட்டுக் காத்துக்கிட்டு உக்காந்திருக்கறாரு. வாங்கி, தொடச்சு வெச்ச மாதிரி சாப்புட்டாரு. அதோட உட்டாரா? அந்தப் பக்கம் போன பொண்ணக் கையத் தட்டிக் கூப்புட்டு, பன்னைத் தூக்கிக் காட்டி, இன்னொண்ணுன்னு வெரலக் காட்டுனாரு. அவளும் குடுத்துட்டுப் போனா. பின்னாடி சீட்டுல நம்ம கோயமுத்தூர்ச் சனங்க, நகையும் நட்டுமா ஒரு குடும்பம். அதுல ஒருத்தி சிரிச்சா. என்னத்தப் பாத்துச் சிரிச்சாளோ, எனக்கு எங்களத்தான் பாத்துச் சிரிச்சாப்பல இருந்துச்சு. ஒடம்பெல்லாம் கூசிப்போச்சு.

அரபு ஊருல எறங்கி உக்காந்திருக்கறப்ப அவருகிட்டச் சொன்னேன். வையல, அடிக்கல, சும்மா சொன்னேன். அடுத்த ப்ளேன்ல யாராச்சும் எதாச்சும் குடுத்தா முதல்ல வேண்டாம்னு சொல்லுங்க, இன்னொருக்காக் கேட்டா வாங்கிக்கலாம், பையன் மானத்த வாங்காதீங்கன்னு சொன்னேன். சரின்னாரு. அவரு எப்பவும் அப்பிடித்தான், எது சொன்னாலும் சரிம்பாரு.

ரெண்டாவது ப்ளேனு பெருசு. அதுல நம்ம மூஞ்சி ஒண்ணுகூட இல்ல. எல்லாம் வெள்ளைக்காரச் சனம். எங்க சீட்டு வாலுல. சன்னலோரம் ஒரு தாடிக்காரன், காதுல என்னத்தையோ மாட்டிக்கிட்டு ஏறுனதுல இருந்து தூங்கறான். நடுவுல நானு. நடைபாதை ஓரம் அவரு. மேல வெச்ச பையில கச்சாயமும் எள்ளுருண்டையும் இருந்துச்சு. எடம் பத்தலைன்னு அந்தப் பைய ப்ளேன்ல வேலை பாக்கற பொண்ணு ஒருத்தி எடுத்துக்கிட்டு எங்கியோ முன்னால கொண்டுபோய் வெச்சா. எந்த எடம்னு நான் பாக்கல. பாத்திருக்கோணும்.

சோத்து வண்டி தூரத்துல தெரிஞ்சுது. வாசனையும் வந்துருச்சு. டாக்டர் சொல்லியிருக்கறாரு, ஊசி போட்டா கால் மணி நேரத்துல சாப்புட்டுறோணும்னு. வூட்டுலயும் நாந்தான் போட்டு உடுவேன், அவருக்குக் கை நடுங்கும். லெட்டர் இருக்குது, ஆனாலும் எனக்குப் பயம். கோயமுத்தூர்லயே ஊசியப் பாத்துட்டு அந்தப் போலீசுக்காரம்மா ஆயிரம் கேள்வி கேட்டுப்போட்டா. இங்க எவளாச்சும் பாத்து ஊசின்னு கத்துனா நான் எந்தப் பாசையில பதில் சொல்றது? அதனால துண்ட அவரு மடியில விரிச்சு, அடியில கைய உட்டு, வயித்துல போட்டு எடுத்து, ஊசிய என்ற இடுப்புப் பையில சொருகிக்கிட்டேன். ஒருத்தரும் பாக்கல.

வண்டி வர இருவது நிமிசம் ஆச்சு. வந்து நின்னுது. அந்தப் புள்ள இருபத்தஞ்சு வயசு இருக்கும், கழுத்துல பச்சைத் துணி கட்டிக்கிட்டு, மொகத்துல பவுடரு. குனிஞ்சு என்னமோ கேட்டா. எனக்கு ஒரு எழுத்துப் புரியல, ஆனா சாப்பாட்டத்தான் கேக்கறான்னு பச்சக் கொழந்தைக்கும் தெரியும். இவரு என்னடான்னா பலகைய முன்னாடியே எறக்கி உட்டு வெச்சிருக்கறாரு. நான் காலால அவரு கால ஒரு அமுத்து அமுத்துனேன். லேசாத்தான். அவரு என்னையப் பாத்தாரு. அப்பறம் அந்தப் புள்ளையப் பாத்துச் சிரிச்சு, வேண்டாம்னு கைய ஆட்டுனாரு. நானும் ஆட்டுனேன். அவ இன்னும் எதாச்சும் சொல்லுவான்னு பாத்தா, தலைய ஆட்டிச் சிரிச்சுட்டு அடுத்த சீட்டுக்குப் போயிட்டா. இவரு அந்தப் பலகையத் தூக்கி மூடி, கொக்கியையும் போட்டாரு.

திரும்பி வருவா, எல்லாருக்கும் குடுத்து முடிச்சதும் கேப்பா, அவசரப்படாதீங்கன்னு நாந்தான் சொன்னேன். பக்கத்து வரிசையில ஒரு கெழவன் கோழிக்கறிய வெட்டி வெட்டித் திங்கறான், அவரு அதையவே பாத்துக்கிட்டிருந்தாரு. அரை மணி நேரங் கழிச்சு வண்டி மறுபடியும் வந்துச்சு. நான் சேலையச் சரி பண்ணிக்கிட்டு நிமிந்து உக்காந்தேன். பாத்தா எச்சத்தட்டு வாங்கற வண்டி. எங்ககிட்டத் தட்டு இல்லைன்னு பாத்துட்டு நிக்காமப் போயிருச்சு.

அப்பவாச்சும் வாயத் தொறந்து கேட்டிருக்கலாமேன்னு நீ நெனைப்ப. என்னன்னு கேக்கறது? முதல்ல வேண்டாம்னுட்டு இப்பக் குடுன்னா, அது பிச்சையில்லியா? அதுவுமில்லாம அந்த நேரம் பாத்து ப்ளேன் ஆட ஆரம்பிச்சுருச்சு. மேட்டாங்காட்டுல டிராக்டர் போற மாதிரி தூக்கித் தூக்கிப் போடுது. வெளக்கு ஒண்ணு மேல எரிஞ்சுது. மைக்கில என்னமோ சொன்னாங்க, எல்லாரும் பெல்ட்டப் போட்டாங்க. எங்க கொலதெய்வம் செல்லாண்டியம்மனக் கூப்புட்டுக்கிட்டுக் கண்ண மூடிக்கிட்டேன்.

கொஞ்ச நேரத்துல இவரு பேசறாரு. மாட்ட அவுத்துக் கட்டுனயான்னு கேக்கறாரு. எங்க மாடு, என்ன பேசறீங்கன்னேன். ஒரு வேலைக்கும் ஆகாதவ, சனியனேன்னு என்னைய வையறாரு. கண்ணு, இத்தனை வருசத்துல அந்த வாயில ஒரு கடுஞ்சொல்லு வந்ததில்ல. நான் திரும்பிப் பாத்தா, சட்டையெல்லாம் நனைஞ்சு ஒடம்போட ஒட்டிக் கெடக்குது. நெத்தியில கைய வெச்சேன், பச்சத்தண்ணியாச் சில்லுனு இருக்குது. கை வெடவெடன்னு ஆடுது. அப்பறம் தலை ஒரு பக்கமாத் தொங்கிருச்சு.

அவரோட அண்ணன் இப்பிடித்தான் போனாரு. சோளத்தட்டுக் கட்டிக்கிட்டிருந்தவரு வேர்த்து உட்டு அங்கியே சாஞ்சுட்டாரு, நெஞ்சு வலி. எனக்கு அதுதான் ஞாவகம் வந்துச்சு. போச்சு, முடிஞ்சுதுன்னு நெனச்சேன். ஏங்க ஏங்கன்னு ஒலுக்கறேன், கண்ணத் தொறக்கறாரு, கருமுழி மேல போகுது. எந்திரிக்கலாம்னா பெல்ட்டு கழட்ட வரல. எப்பிடிப் போட்டேன், எப்பிடிக் கழட்டறதுன்னு மறந்துபோச்சு. கத்துனேன். யாராச்சும் வாங்க சாமின்னு கத்துனேன். அத்தனை தலையும் திரும்பிப் பாக்குது, ஒரு சனத்துக்கும் நான் சொல்றது புரியல. அந்தத் தாடிக்காரன்தான் முழிச்சு, எட்டி மேல ஒரு பித்தானை அமுக்குனான்.

அதே புள்ளதான் ஓடி வந்தா. ப்ளேன் ஆடுது, ரெண்டு பக்கமும் சீட்டப் புடிச்சுக்கிட்டு வந்தா. பின்னாடியே ஒரு ஆம்பளை, அவளுக்கு மேலதிகாரி போலிருக்குது. அவன் என்னைய என்னென்னமோ கேக்கறான். நான் என்ற நெஞ்சத் தட்டித் தட்டிக் காட்டுனேன், நெஞ்சு வலின்னு. அவனும் நெஞ்சத் தொட்டுக் காட்டி, இதுவான்னு கேக்கறான். ஆமா ஆமான்னேன். அவனுக்கு மொகம் மாறிப்போச்சு.

ரெண்டு பேரும் இவரத் தூக்கிக் கொண்டுபோய்ப் பின்னாடி, சோத்து வண்டி நிறுத்தற எடத்துல தரையில படுக்க வெச்சாங்க. தாடிக்காரன் என்ற பெல்ட்டக் கழட்டி உட்டான். நான் உழுந்தடிச்சு ஓடுனேன். அவரு மூக்குமேல ஒரு மூடியப் போட்டு, குழாயில காத்து உடறாங்க. அப்பப் பாத்து மேல மைக்கில அந்த ஆம்பளை குரலு. மெதுவா, ஒவ்வொரு சொல்லா சொல்றான். அவன் சொல்லி முடிச்சதும் மொத்த ப்ளேனும் திரும்பி எங்களப் பாக்குது. ஒருத்தி சிலுவை போட்டுக்கறா.

நான் என்ன நெனச்சேன் தெரியுமா? அவரு போயிட்டாருன்னு அறிவிக்கறாங்கன்னு நெனச்சேன். இந்தக் கூட்டத்துக்கெல்லாம் தெரிஞ்சு போச்சு, கட்டுனவ எனக்கு மட்டும் தெரியல. டாக்டர் யாராச்சும் இருக்கறாங்களான்னு கேட்டாங்களாமா, பூபதி பின்னால சொன்னான். எனக்கு எப்பிடித் தெரியும் கண்ணு? அந்த நேரத்துல அவரு உசுரு போறதவிட எனக்குப் பெரிய பயம் அதுதான். செத்துட்டாருன்னு இவங்க சொல்லுவாங்க, எனக்கு அது புரியாது, நான் இன்னும் பொழைச்சிருவாருன்னு மொகத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். இப்பவும் நெனச்சாக் கை சில்லுனு ஆயிருது, தொட்டுப் பாரு.

டாக்டர் ஒருத்தரும் இல்ல. ஒரு மிசின் பொட்டியக் கொண்டாந்தாங்க. அத நெஞ்சுல ஒட்டறதுக்கு அந்தப் புள்ள இவரு சட்டையப் பித்தானோட பிச்சு மேல தூக்குனா. தூக்குனவ அப்பிடியே நின்னுட்டா. தொப்புளச் சுத்தி ஊசி போட்ட எடம் நீலநீலமா இருக்கும், சக்கரைக்காரங்களுக்குத் தெரியும். அதுல ஒண்ணு அன்னிக்குப் போட்டது, ரத்தப் பொட்டு காயல. அவ அத வெரலால தொட்டா. என்னையப் பாத்தா. கட்டை வெரல அமுக்கி, ஊசி போட்டயான்னு சைகையில கேட்டா.

நான் இல்லைன்னு தலைய ஆட்டிட்டேன். வேறென்ன பண்றது? ஊசி இடுப்புல இருக்குது. பாத்தாங்கன்னா, இவதான் புருசன என்னமோ பண்ணிப்போட்டான்னு புடிச்சு வெச்சுக்குவாங்க. பூபதிக்கு யாரு பதில் சொல்றது.

அவ உடல. கைய வாய்க்குக் கொண்டுபோய், சாப்புட்டாரான்னு கேட்டா. நான் ஆச்சுன்னு தலையாட்டுனேன். நீயே சொல்லு கண்ணு, யாராச்சும் சாப்புட்டாச்சான்னு கேட்டா நம்ம என்ன சொல்லுவோம்? ஆச்சுங்கன்னுதான் வாய் தானா சொல்லும். இல்லைன்னு சொன்னா, கேட்டவங்க மேல குத்தம் சொன்ன மாதிரி ஆயிராதா? நெஞ்சு வலிக்காரனச் சோறு தின்னயான்னு கேக்கறாளே இவளுக்குப் புத்தி இருக்குதான்னு வேற எனக்கு ஆத்திரம்.

அவ என்னைய நம்பல. பெரிய மனுசி ஒருத்தி சொல்றா, நம்போணுமா இல்லியா? அந்த ஆம்பளைகிட்டத் திரும்பிப் படபடன்னு பேசறா. எங்க சீட்டக் காட்டறா. ரெண்டு வெரலக் காட்டறா. பலகைய எறக்கற மாதிரியும் திருப்பித் தூக்கிக் கொக்கி போடற மாதிரியும் கையால செஞ்சு காட்டறா. அவன் வேண்டாம்ங்கற மாதிரி கைய ஆட்டி, சுவத்துல இருந்த போனை எடுத்து யாருகிட்டயோ பேசறான். இவ அதுக்குள்ள வண்டியில கைய உட்டு, ரெண்டு தட்ட வெளிய இழுத்தா. மூடுன மூடி பிரிக்காம ரெண்டு தட்டு. என்ற மூஞ்சிக்கு நேராப் புடிச்சா. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன்.

அதுக்கப்பறம் அவ யாரையும் கேக்கல. சின்னச் சின்னப் பொட்டலத்துல தேனு இருந்துச்சு. பல்லுல கடிச்சுப் பிச்சு, வெரல்ல தடவி, அவரு வாய்க்குள்ள உட்டு ஈறுல தேய்க்கறா. இன்னொண்ணு. இன்னொண்ணு. தரையில மண்டி போட்டு, அவரு தலைய மடியில ஒருக்களிச்சு வெச்சுக்கிட்டா. ப்ளேன் ஆடறப்பெல்லாம் அவ முதுகு போயி அந்த இரும்பு வண்டியில மோதுது. நான் அவரு ரெண்டு பாதத்தையும் புடிச்சுத் தேய்ச்சுக்கிட்டே அழுவறேன். எவ்வளவு நேரம்னு எனக்குத் தெரியல. பூபதி பத்து நிமிசம்பான். எனக்கு அது பத்து நிமிசம் இல்ல.

கால் வெரலு அசைஞ்சுது. அப்பறம் முனகுனாரு. அப்பறம் கண்ணத் தொறந்து, நான் எங்க இருக்கறேன்னு தமிழ்ல கேட்டாரு. அந்தப் புள்ளைக்கு என்ன புரிஞ்சுதோ, அவரு பேசுன ஒடனே அவளும் அழுதுட்டா.

பழச்சாறு ஊத்திக் கொண்டாந்து வாய்கிட்ட வெச்சா. இவரு என்ன பண்ணாரு தெரியுமா? அரை நினைப்புல கெடக்கற மனுசன், வாய இறுக்கி மூடிக்கிட்டாரு. கண்ணால என்னையத் தேடறாரு. நான் வாங்குங்க, குடிங்கன்னு சொன்ன பொறகுதான் வாயத் தொறந்தாரு. அந்தப் புள்ள அவரையும் பாத்தா, என்னையும் பாத்தா. என்ன நெனச்சாளோ. அப்பறம் எறங்கற வரைக்கும் அவரு பக்கத்துலயே குத்த வெச்சு, சோத்தக் கரண்டியில எடுத்து எடுத்து ஊட்டிக்கிட்டிருந்தா. ஒவ்வொரு வாய்க்கும் அவரு சிரிச்சுக்கிட்டு வேண்டாம்னு தலைய ஆட்டறாரு, அவ உடாமத் திணிக்கறா. இத, இதத்தான் முதல்லயே பண்ணியிருக்கோணும். ஒருக்கா, ஒரே ஒருக்கா சேத்துக் கேட்டிருந்தா இத்தனை பாடு இருக்குமா? பூபதிகிட்டச் சொன்னேன், அந்தக் கம்பெனிக்கு எழுதிப் போடுடான்னு. அவன் எழுதுனான். ஆனா என்னமோ நன்றின்னு எழுதுனானாமா.

எறங்குன ஒடனே ஆம்புலன்சு நின்னுக்கிட்டிருந்துச்சு. ஆசுபத்திரியில வெள்ளைக்கார டாக்டர் கேக்கறாரு, பூபதி தமிழ்ல மாத்திச் சொல்றான். ஊசி போட்டுட்டு ஏம்ப்பா சாப்புடல? சாப்பாடு குடுக்கலியா? குடுத்தாங்க. பின்ன ஏன் வாங்கல?

அவரு என்ற பக்கம் திரும்பவே இல்ல. போர்வையப் பாத்துக்கிட்டுச் சொன்னாரு, "பசிக்கல சாமி, அதான்."

பொய்யி. காலையில தின்ன அந்த ஒரு தட்டும் ரெண்டு பன்னும், அதோட கெடந்த மனுசன். அந்தக் கெழவன் கோழிக்கறிய எப்பிடிப் பாத்தாருன்னு எனக்குத் தெரியாதா? பூபதிக்கு வந்துச்சே கோவம். பசிக்கலைன்னா ஊசிய எதுக்குப் போட்டீங்க, சின்னப் புள்ளையா நீங்க, அம்மா என்ன பண்ணியிருப்பா நீங்க போயிருந்தான்னு அரை மணி நேரம் அப்பன வையறான். தலையக் குனிஞ்சு கேட்டுக்கிட்டே படுத்திருந்தாரு. நானும் சேந்து ரெண்டு வார்த்தை சொன்னேன். சொல்லாம? எனக்கும் அத்தனை பயம் இருந்துச்சு உள்ள.

இந்தக் கதைய நான் எத்தனையோ பேருகிட்டச் சொல்லியிருக்கறேன். பக்கத்துலயே உக்காந்து கேப்பாரு. அந்தப் புள்ள இன்னொருக்காக் கேக்கலைன்னு நான் சொல்றப்ப, ஆமாம்பாரு. ஒரு எடத்துலயும் மறிச்சு ஒரு சொல்லுச் சொன்னதில்ல.

ஆனா ஒண்ணு கண்ணு, போன மாசம் ஒண்ணு நடந்துச்சு. அத நான் யாருகிட்டயும் சொல்லல. பையங்கிட்டக்கூடச் சொல்லல. எங்க தெருவுக்கு ரெண்டாவது தெருவுல மண்டபம், பங்காளி வூட்டுக் கல்யாணம். எனக்குக் காய்ச்சல், எந்திரிக்க முடியல. பந்தி போட்டாச்சுன்னு தகவல் வந்ததும் ஊசியப் போட்டு உட்டு, நேராப் பந்தியில போய் உக்காருங்கன்னு அவரத் தனியா அனுப்பிச்சேன். நம்ம சனம், நம்ம சாதிக்காரங்க, ஒண்ணுக்குப் பத்துத் தடவை கேக்கறவங்க. அங்க என்ன பயம்?

ஒரு மணி நேரங் கழிச்சு வாசல்ல செருப்புச் சத்தம். சட்டை நனைஞ்சு கெடக்குது. சுவத்தப் புடிச்சுக்கிட்டு நிக்கறாரு. நான் காய்ச்சல மறந்து ஓடுனேன், சக்கரை டப்பாவ எடுத்து அள்ளி வாயில போட்டேன். பாதி அவரு சட்டைமேல கொட்டிருச்சு. கொஞ்சம் தெளிஞ்சதும் கேட்டேன், பந்தியில உக்காரலியான்னு. உக்காந்தேன்னாரு. எலை போடலியா? போட்டாங்க, நான் வேண்டாம்னு கைய மறிச்சேன். அப்பறமும் கேட்டிருப்பாங்களே? கேட்டாங்க, மூணு நாலு தடவை கேட்டாங்கன்னாரு. பின்ன ஏனுங்க வாங்கலைன்னு கத்துனேன்.

அவரு என்னைய நிமிந்து பாத்தாரு. வெசனமே இல்ல மொகத்துல, சாதாரணமாச் சொன்னாரு: "நீ அங்க இல்லையே மயிலா. யாரு மூஞ்சியப் பாத்து நான் வாங்கறது?"

எனக்கு ப்ளேன்ல வந்த பயமெல்லாம் ஒரு பயமா கண்ணு? அது ஒரு நாளு. எனக்கு இப்ப அறுவது ஆகப்போகுது, மேலுக்குச் சொகமில்ல, மாரு அடைக்குது அப்பப்ப. நான் முந்திக்கிட்டேன்னா இவருக்கு யாரு வாங்கிக்கங்கன்னு சொல்லுவாங்க? சோத்துக்கு முன்னால உக்காந்துக்கிட்டு, கைய நீட்டாம, என்னையத் தேடிக்கிட்டே இருப்பாரே. தெனமும் அவருகிட்டச் சொல்றேன், நீங்களே வாங்கிச் சாப்புடுங்க, என்னையப் பாக்காதீங்கன்னு. சரிங்கறாரு. சரின்னு சொல்லிப்போட்டு, எலையில கைய வைக்கறதுக்கு முன்னால என்ற மூஞ்சியப் பாக்கறாரு.